கப்ரமட்டா ஜான் தெரு: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிட்னிக்குப் புதிதாக வந்து பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில், டூங்காபி என்று மேற்குப் பக்கம் வீடு பிடிக்கும் தமிழர்களுக்கு முருங்கைக்காயும் தோசை மாவும் எங்கே கிடைக்கும் என்பது ஒரு வாரத்திலேயே தெரிந்துவிடுகிறது. அதே ரயில் பாதையில் தெற்கே இருக்கும், வியட்நாம் உணவுக்குப் பெயர்போன கப்ரமட்டாவைப் பற்றி மட்டும் யாரும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுப்பதில்லை. போகிறவர்களும் பிற்பகல் மூன்று மணிக்குப் போய், கண்ணில் பட்ட பெரிய உணவகத்தில் நுழைந்து, நீளமான மெனுவைப் புரட்டி, பழகிய ஃபிரைட் ரைஸையே வரவழைத்துத் தின்றுவிட்டுத் திரும்புகிறார்கள். அங்குள்ள ஜான் தெருவுக்கு இது அநியாயம்.

முதல்முறை போகிறவர்கள் ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டால் போதும்: ஒரு கடையில் ஓர் உணவு. ஜான் தெருவில் நல்ல கடை என்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு பண்டங்களையே பல ஆண்டுகளாகச் செய்துவரும் கடை. பெயர்ப்பலகையில் எந்த உணவின் பெயர் இருக்கிறதோ அதைக் கேட்டு வாங்குங்கள். மெனுவில் வேறு என்ன இருந்தாலும், உள்ளே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் அந்த ஒன்றைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். மீதியெல்லாம் இந்த விதியின் விரிவுதான்.

யாருடைய தெரு

கப்ரமட்டா, சிட்னி நகர மையத்திலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில், ஃபேர்ஃபீல்ட் நகராட்சிக்குள் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களைத் தங்கவைக்க இங்கும் பக்கத்து வில்லவுட்டிலும் அரசு விடுதிகள் அமைத்தது. ஐரோப்பியர் அல்லாதவர் குடியேறுவதைத் தடுத்துவந்த வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை 1973இல் முடிவுக்கு வந்தது. 1975இல் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் வீழ்ந்தது. 1976 ஏப்ரலில் வியட்நாம் அகதிகளின் முதல் படகு டார்வின் துறைமுகத்தை அடைந்தபோது அதில் இருந்தவர்கள் ஐந்து பேர் மட்டுமே. பின்னால் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மலேசியா, தாய்லாந்து, ஹாங்காங் முகாம்களில் காத்திருந்து விமானத்தில் வந்தவர்கள். அவர்களும் அந்த விடுதிகளில்தான் தங்கவைக்கப்பட்டார்கள். அங்கிருந்து வெளியேறியபோது, பக்கத்திலேயே, கட்டுப்படியான வாடகையில் கிடைத்த ஊர் கப்ரமட்டா. அவர்களோடு கம்போடியரும் லாவோ மக்களும் அந்த நாடுகளில் தலைமுறைகளாக வாழ்ந்த தியோச்சூ சீனரும் வந்து சேர்ந்தார்கள். இன்றும் ஊரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வியட்நாமில் பிறந்தவர்.

வில்லவுட் விடுதி இருந்த இடத்தில்தான் பிற்காலத்தில் குடிவரவுத் தடுப்பு முகாம் வந்தது. ஈழத்திலிருந்து படகில் வந்த தமிழர்கள் பலர் அங்கே அடைக்கப்பட்டிருந்தார்கள். சில கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு காலங்களின் அகதிகளை இந்த நாடு எப்படி எப்படி நடத்தியது என்பதை நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிட்னியில் நெடுநாள் இருக்கும் சில பெரியவர்கள் "கப்ரமட்டாவா, கவனம்" என்பார்கள். 1990களில் இங்கே ஹெராயின் விற்பனையும் கும்பல் வன்முறையும் இருந்தது உண்மை. 1994 செப்டம்பரில் இந்தத் தொகுதியின் மாநில உறுப்பினர் ஜான் நியூமன் தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2001இல் மாநில நாடாளுமன்ற விசாரணை நடந்தது. ஊர்மக்களும் வணிகர்களும் விடாமல் குரல் கொடுத்துத்தான் நிலைமை மாறியது. இன்று பகலில் அது தள்ளுவண்டியில் குழந்தையோடும் கைத்தடியோடும் மக்கள் நடமாடும் சந்தைத் தெரு. எந்த நகரத்திலும் எடுத்துக்கொள்ளும் கவனம் போதும். கடைக்காரர்களிடம் அந்தப் பழைய கதையைக் கேட்காதீர்கள். அவர்கள் அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்கள்.

போய்ச் சேர்வது

பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில், வெஸ்ட்மீட், பரமட்டா, ஹாரிஸ் பார்க் ஆகிய இடங்களிலிருந்து டி5 கம்பர்லேண்ட் தடத்தில் லெப்பிங்டன் செல்லும் ரயில் ஏறினால், மாறாமல் நேரே கப்ரமட்டாவில் இறங்கலாம். இந்த ரயில் அடிக்கடி வராது. ஒன்றை விட்டால் நடைமேடையில் நெடுநேரம் நிற்க நேரும் என்பதால் கிளம்பும் முன் நேரத்தைப் பாருங்கள். நகர மையத்திலிருந்து வருபவர்களுக்கு டி2 தடம். ஏறக்குறைய ஒரு மணி நேரம். பயணக் கட்டணத்துக்கான ஓபல் அட்டையோ வங்கி அட்டையோ, நுழையும்போதும் வெளியேறும்போதும் தட்ட மறக்காதீர்கள். வார இறுதிகளில் சில தடங்களில் பராமரிப்பு வேலை நடந்து ரயிலுக்குப் பதில் பஸ் ஓடும். சனிக்கிழமை போவதாக இருந்தால் முதல் நாளே அதையும் பார்த்துவிடுங்கள்.

காரில் போகலாம். ஆனால் சனி, ஞாயிறு பத்து மணிக்கு மேல் நிறுத்துமிடம் தேடிச் சுற்றுவதிலேயே பசி ஆறிவிடும். ரயிலே மேல்.

எந்த நேரம், என்னென்ன கையில்

காலை எட்டரையிலிருந்து ஒன்பதுக்குள் அங்கே இருங்கள். இது காலை உணவுத் தெரு. பல நூடுல்ஸ் கடைகள் காலையில் திறந்து பிற்பகலிலோ மாலையின் தொடக்கத்திலோ அடைத்துவிடும். ரொட்டி சூடாக இருக்கும் நேரமும், கீரைக்கட்டு வாடாமல் இருக்கும் நேரமும், மீன்கடையில் நல்ல மீன் மிஞ்சியிருக்கும் நேரமும் அதுதான். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை விடும் கடைகள் உண்டு; அது பெரும்பாலும் வார நடுவில் வரும். சனிக்கிழமை காலையில் தெரு நிறைந்திருக்கும். நெரிசல் பிடிக்காதவர்களுக்கு வெள்ளிக்கிழமை காலை சிறந்தது.

வீட்டில் எதுவும் சாப்பிடாமல் கிளம்புங்கள். சில்லறை நோட்டுகளாக ஐம்பது அறுபது டாலர் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அட்டை வாங்காத கடைகளும், குறைந்தபட்சத் தொகைக்கு மேல்தான் அட்டை வாங்குவோம் என்கிற கடைகளும் இன்னும் இருக்கின்றன. இரண்டு துணிப்பைகள் வேண்டும். மீன் வாங்குவதாக இருந்தால் ஐஸ் வைத்த குளிர்காப்புப் பையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சுற்று நடை

ரயில் நிலையத்தின் மேற்கு வாசலில் வெளியே வந்தால் எதிரே தொடங்குவது ஜான் தெரு. உடனே எந்தக் கடையிலும் நுழையாமல் தெருவின் ஒரு பக்கமாகப் போய் மறுபக்கமாகத் திரும்புங்கள். நடுவில் ஜான் தெருவுக்கும் ஆர்தர் தெருவுக்கும் இடைப்பட்ட நடைபாதைச் சதுக்கம் ஃப்ரீடம் பிளாசா. 1991இல் நிறுவப்பட்ட பை லாவ் அலங்கார வாயில் அங்கே நிற்கிறது. தப்பி வந்தவர்கள் தங்கள் ஊர்ச் சதுக்கத்துக்கு விடுதலையின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். சந்திரப் புத்தாண்டும் நிலாத் திருவிழாவும் களைகட்டும் இடம் இதைச் சுற்றித்தான்.

தெருவின் முகப்பைப் பார்த்துவிட்டு இதுதான் கப்ரமட்டா என்று முடிவு செய்துவிடாதீர்கள். நல்ல பல கடைகள் குறுக்குச் சந்துகளிலும், மாடிப்படிக்குக் கீழே நுழையும் ஆர்கேடுகளிலும், பார்க் சாலையிலும், டட்டன் லேன் பக்கமும் இருக்கின்றன. நான்கு கடை அகலமுள்ள ஒரு ஆர்கேடில் தையல்காரர், நகைக்கடை, மூலிகை மருந்துக்கடை, அதற்கப்பால் ஒரு நூடுல்ஸ் கடை என்று அடுத்தடுத்து வரும். துணிக்கடைகளுக்கும் இந்த ஊர் பெயர் பெற்றது. ரவிக்கைத் துணி தேடுபவர்கள் தனியாக ஒரு நாள் வரவேண்டும்.

படம் எடுக்கும்போது உணவையும் கட்டடத்தையும் எடுங்கள். நடைபாதையில் உட்கார்ந்து கீரை விற்கும் பாட்டிமாரைக் கேட்காமல் எடுக்காதீர்கள்.

ஒரு கிண்ணம் ஃபா

முதல் உணவு ஃபாவாக இருக்கட்டும். அரிசி நூடுல்ஸ் மேல் கொதிக்கும் எலும்புச் சாறு. அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, நெருப்பில் சுட்ட வெங்காயம், சுட்ட இஞ்சி ஆகியவற்றைப் போட்டு மணிக்கணக்காகக் கொதிக்கவைத்து வடிகட்டிய சாறு அது. பிரியாணிக்குப் பழகிய மூக்குக்கு இந்த வாசனை அந்நியமாக இராது. காரமும் எண்ணெயும் இல்லாததால் முதல் வாய்க்குச் சப்பென்று தோன்றலாம். மூன்றாவது வாய் வரை பொறுங்கள்.

கடைக்குள் நடப்பது இப்படி. இடம் காலியாக இருந்தால் நீங்களே உட்காரலாம், அல்லது விரலால் எத்தனை பேர் என்று காட்டினால் இடம் காட்டுவார்கள். நெரிசலான நேரத்தில் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்காரவைப்பது வழக்கம். சாப்ஸ்டிக்கும் கரண்டியும் மேசை மேல் டப்பாவில் இருக்கும். பல கடைகளில் சூடான தேநீர்க் குடுவையும் கேட்காமலே வரும். உட்கார்ந்ததும் என்ன வேண்டும் என்று கேட்பார்கள். மெதுவாக யோசிக்கும் இடமல்ல இது. வெளியே நிற்கும்போதே முடிவு செய்துகொண்டு உள்ளே போங்கள்.

ஃபா போ என்றால் மாட்டிறைச்சி, ஃபா கா என்றால் கோழி. மாட்டிறைச்சியில் தாய் என்பது மெல்லியதாகச் சீவிப் பச்சையாகப் போட்டுச் சாற்றின் சூட்டிலேயே வேகவிடுவது. சீன் என்பது முன்பே வேகவைத்தது. கன் தசைநார், சாக் மாட்டின் இரைப்பை, போ வியென் இறைச்சி உருண்டை. எல்லாம் கலந்து வேண்டுமென்றால் டாக் பியெத். இந்தச் சொற்களைச் சரியான ராகத்தில் சொல்ல நமக்கு நாளாகும். மெனுவில் எண் இருக்கும். எண்ணைச் சொன்னால் போதும், யாரும் முகம் சுளிப்பதில்லை.

எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி உண்பதில்லை. அதனால் நான் ஃபா கா பக்கம் நிற்பவள். கோழிச் சாற்றின் தெளிவும், மேலே தூவிய எலுமிச்சை இலையின் மணமும் மாட்டுச் சாற்றுக்கு எந்த வகையிலும் குறைந்தவையல்ல. ஆனால் கவனியுங்கள்: ஃபா கா என்று எழுதியிருப்பதால் மட்டும் சாறும் கோழிச் சாறு என்று நம்பிவிடக் கூடாது. சில கடைகளில் ஒரே மாட்டுச் சாற்றை ஊற்றி மேலே கோழித் துண்டை வைப்பதுண்டு. கோழிக்குத் தனி அண்டா வைத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். கோழிக்கென்றே பெயர் பெற்ற கடைக்குப் போனால் இந்தச் சிக்கலே இல்லை.

கிண்ணத்தோடு ஒரு தட்டில் முளைப்பயறும் துளசி இனத்துக் கீரையும் எலுமிச்சைத் துண்டும் மிளகாயும் வரும். எதையும் போடுமுன் சாற்றை மட்டும் ஒரு கரண்டி குடித்துப் பாருங்கள். பிறகு இலைகளைக் காம்பிலிருந்து கிள்ளிக் கிழித்துப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, நூடுல்ஸை அடியிலிருந்து கிளறிவிடுங்கள். மேசையில் இருக்கும் கருஞ்சிவப்பு ஹொய்சின் சாஸையும் மிளகாய்ச் சாஸையும் சின்னக் கிண்ணியில் ஊற்றி இறைச்சியைத் தொட்டுக்கொள்வது நல்லது. சாற்றில் ஊற்றினால் அத்தனை மணி நேர உழைப்பும் இனிப்பில் மூழ்கிப்போகும். ஊற்றிச் சாப்பிடும் வியட்நாமியர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் முதல்முறை வேண்டாம் என்பதே என் கருத்து.

எழுந்து போய்க் கல்லாவில் மேசையைக் காட்டிப் பணம் கொடுங்கள். பெரும்பாலான கடைகளில் பில் மேசைக்கு வராது. டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை.

ஃபாவுக்கு அடுத்தது என்ன

இரண்டு மூன்று பேராகப் போனால் அடுத்த கடையில் வேறொன்றைப் பகிர்ந்துகொள்ளலாம். தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை சில.

பூன் போ ஹுவே, மத்திய வியட்நாமின் பழைய தலைநகரமான ஹுவேயின் உணவு. எலுமிச்சைப்புல்லும் இறால் விழுதும் மிளகாயும் சேர்ந்த காரச் சாறு, உருண்டையான தடித்த நூடுல்ஸ். ஃபா சப்பென்று இருந்தது என்பவர்களுக்கு இதுதான் மருந்து. மாடும் பன்றியும் சேரும் என்பதை மறக்காதீர்கள்.

கம் தாம் என்பது குருணை அரிசிச் சோறு. உடைந்த அரிசியை ஏழைகள் உண்ட காலம் போய், அதற்காகவே கடை தேடி வரும் காலம் வந்திருக்கிறது. மேலே கரியில் சுட்ட பன்றி இறைச்சியும் முட்டைப் பணியாரத் துண்டும் வைப்பார்கள். கோழி கேட்டால் கோழியும் உண்டு.

பான் செய்யோ, அரிசி மாவில் மஞ்சளும் தேங்காய்ப்பாலும் கலந்து மொறுமொறுவென்று சுட்டு, இறாலும் முளைப்பயறும் வைத்து மடித்த அடை. அதைக் கீரையிலையில் பொதிந்து மீன்சாறு (ஃபிஷ் சாஸ்) சேர்த்த துவையலில் தொட்டு, கையால் உண்ண வேண்டும். கையால் உண்பது நமக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை என்பதால் இதில் நாம் மற்ற விருந்தினரைவிட ஒரு படி முன்னால் இருக்கிறோம்.

பான் ஹொய் என்று மெனுவில் பார்த்தால் தயங்காமல் கேளுங்கள். அது நம் இடியாப்பத்தின் உடன்பிறப்பு. வெங்காயத்தாள் எண்ணெய் தடவி, சுட்ட இறைச்சியோடு வரும்.

மொறுமொறுப்பான தோலோடு பொரித்த கோழி வேண்டுமென்றால் ஜான் தெருவில் டான் வியெட் என்ற கடை அதற்கென்றே பெயர் பெற்றது. முட்டை நூடுல்ஸோடு, சாறு தனிக் கிண்ணத்தில் வரும். வரிசை நிற்கும்; வேகமாக நகரும்.

கம்போடியக் கடைகளை விட்டுவிடாதீர்கள். புனோம் பென் நூடுல்ஸ் என்று எழுதியிருப்பதை வியட்நாமியர் ஹூ தியூ நாம் வாங் என்பார்கள். பன்றிச் சாறு, கொத்திறைச்சி, இறால், மேலே பொரித்த பூண்டு. சாற்றைத் தனியாக வைத்து நூடுல்ஸை உலர்வாகக் கேட்கலாம்; எனக்குத் தெரிந்த கம்போடிய நண்பர்கள் எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் புகழ்பெற்ற சமையற்கலைஞர் லூக் நியென் இந்தத் தெருக்களில் வளர்ந்தவர். அவருடைய பெற்றோர் கப்ரமட்டாவில் ஃபா கடை நடத்தினார்கள்.

வியட்நாம் கோழிக்கறி கிடைக்கும் கடையைக் கண்டால் ஒருமுறை உட்காருங்கள். தேங்காய்ப்பால், எலுமிச்சைப்புல், சர்க்கரைவள்ளிக் கிழங்கு சேர்த்த மிதமான கறி; சோற்றுக்குப் பதிலாகப் பிரெஞ்சு ரொட்டியைப் பிய்த்துத் தோய்த்து உண்பார்கள். பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் சைகோனில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் புதுச்சேரித் தமிழர்களும் வாழ்ந்தார்கள். அவர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலில் இன்றும் வியட்நாமியர் ஊதுபத்தி ஏற்றி வணங்குகிறார்கள். அங்கே இந்தியக் கறித்தூள் வேரூன்றியதில் அந்த மக்களுக்கும் பங்கு உண்டு.

சைவம் உண்பவர்களும் மாட்டிறைச்சி, பன்றி தவிர்ப்பவர்களும்

இந்தப் பகுதியை அவசரமாகப் படிக்காதீர்கள். வெளியே காய்கறி மட்டும் தெரியும் உணவிலும் மீன்சாறு இருக்கும். நுவக் மாம் எனப்படும் அந்த மீன்சாறுதான் இங்கே உப்பின் இடத்தில் நிற்கிறது. பப்பாளிக்காய்ச் சாலட், தொட்டுக்கொள்ளும் துவையல், வதக்கிய கீரை, எல்லாவற்றிலும் அதுவோ சிப்பிச் சாஸோ விழுந்திருக்கும். "காய்கறி மட்டும்" என்று ஆங்கிலத்தில் சொன்னால், இறைச்சித் துண்டை எடுத்துவிட்டு அதே சாற்றை ஊற்றித் தரக்கூடும். அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று எண்ணக் கூடாது. நீங்கள் கேட்டதாக அவர்கள் புரிந்துகொண்டது அதுதான்.

நீங்கள் சொல்ல வேண்டிய சொல் "சாய்". புத்த மதத்தினர் விரத நாளில் உண்ணும் சைவ உணவுக்கு அதுதான் பெயர். அந்தச் சொல்லைக் கேட்டால் மீனும் இறைச்சியும் அவற்றின் சாறும் கூடாது என்று உடனே புரிந்துகொள்வார்கள். சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும், அதாவது நம் கணக்கில் ஏறக்குறைய அமாவாசையும் பௌர்ணமியும், பலர் சாய் உண்பார்கள். அந்த நாட்களில் போனால் சைவப் பண்டங்கள் அதிகமாகக் கிடைக்கும். மரபுப்படி செய்தால் வெங்காயமும் பூண்டும் கூடச் சேர்ப்பதில்லை. கோழி போலவும் மீன் போலவும் தோன்றும் துண்டுகள் சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்தவை. பார்த்துப் பயப்பட வேண்டாம்.

மாடு வேண்டாம் என்பதற்கு "கோம் போ", பன்றி வேண்டாம் என்பதற்கு "கோம் ஹேயோ". ஆனால் பன்றிக் கொழுப்பும் எலும்புச் சாறும் பொதுவாகப் புழங்கும் சமையலறைகளில் இந்தச் சொற்கள் துண்டுகளைத் தான் நீக்கும். ஹலால் கட்டாயம் என்றால், சான்று தெளிவாக மாட்டியிருக்கும் கடை தவிர மற்றவற்றில் பழம், கரும்புச்சாறு, இனிப்பு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு. நிலக்கடலை, இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் மிக மிகக் கவனமாக இருக்க வேண்டும். இரண்டும் எங்கும் தூவப்படும்.

கையில் பிடித்துக்கொண்டு நடக்க

பான் மீ ரொட்டிக் கடைகள் விடிகாலையிலேயே திறந்துவிடும். ஒன்று பத்து டாலருக்குள் முடியும். மேலோடு நொறுங்கி உள்ளே பஞ்சாக இருக்கும் ரொட்டியைப் பிளந்து, மயோனைஸும் ஈரல் விழுதும் தடவி, இறைச்சியும் ஊறவைத்த கேரட், முள்ளங்கியும் வெள்ளரியும் கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் வைப்பார்கள். ஈரல் விழுது பெரும்பாலும் பன்றி ஈரல். வேண்டாதவர்கள் தடவும் முன்பே சொல்லிவிட வேண்டும். வேலை அத்தனை வேகம். பொரித்த முட்டை வைத்த பான் மீ குழந்தைகளுக்கு ஏற்றது. மிளகாயைப் பற்றிக் கேட்டால் "ஆம்" என்றே சொல்லுங்கள்.

குடிக்கக் கரும்புச்சாறு, கும்குவாட் என்னும் குட்டி ஆரஞ்சைச் சேர்த்துப் பிழிந்தது. கட்டிப்பால் ஊற்றிய ஐஸ் காபி கடுமையானது. மாலையில் குடித்தால் இரவு தூக்கம் வராது. பச்சை நிறத்தில் ராவ் மா என்று ஒரு சாறு விற்பார்கள். அது வல்லாரை. பாட்டி வற்புறுத்தியும் குடிக்க மறுத்த வல்லாரையை இங்கே இளைஞர்கள் ஐஸும் சர்க்கரையும் போட்டு விரும்பிக் குடிக்கிறார்கள்.

சே என்பது இனிப்பு வகை. காராமணி, பாசிப்பருப்பு, பச்சை ஜெல்லி, தேங்காய்ப்பால், நொறுக்கிய ஐஸ் ஆகியவை அடுக்கடுக்காக வரும். ஜெல்லி பெரும்பாலும் சைனா கிராஸில் செய்தது; சந்தேகம் உள்ளவர்கள் கேட்டுக்கொள்ளலாம்.

சந்தை

சாப்பாட்டை முடித்துவிட்டே காய்கறிக்குப் போங்கள். பசியோடு போனால் சுமக்க முடியாத அளவு வாங்கிவிடுவீர்கள்.

இந்தத் தெருவின் மீது எனக்குள்ள பற்றுக்குப் பாதிக் காரணம் இந்தக் கீரைக்கடைகள். தமிழ்க்கடையில் வாடிய நிலையில் பொட்டலமாகக் கிடைக்கும் பல கீரைகள் இங்கே ஈரம் காயாமல் கட்டுக்கட்டாக இருக்கின்றன. பெயர் தெரியாததால் நம்மவர்கள் கடந்து போய்விடுகிறார்கள். ராவ் மா என்ற வல்லாரையை மேலே சொன்னேன். மொங் தோய் என்பது கொடிப்பசலை. ராவ் முவாங் என்பது ஈழத்தவர் கங்குன் என்று வாங்குவது. பூண்டு தட்டிப் போட்டுப் பெருந்தீயில் இரண்டு நிமிடம் வதக்கினால் போதும். ராவ் ங்கோத் என்பது நம்மூர் நாற்றுப் பண்ணைகளில் மல்டி விட்டமின் கீரை என்று விற்கும் தவசிக்கீரை. வாழைப்பூ, பாகற்காய், புடலங்காய், பீர்க்கங்காய், சேப்பந்தண்டு, பச்சைப் பப்பாளி, மரவள்ளி எல்லாம் உண்டு. ஈழத்துச் சமையலுக்கு வேண்டிய ரம்பை இங்கே பாண்டான் என்ற பெயரில் கிடைக்கும்.

நமக்குப் புதியவை ராவ் ராம் என்னும் காரமான கூரிலைக் கீரை, ஊதா அடியுள்ள தியா தோ, விளிம்பில் முள்போன்ற பற்கள் உள்ள நீண்ட கொத்தமல்லி. இந்தக் கடைசியை ரசத்தில் கிள்ளிப் போட்டுப் பாருங்கள். சாதாரணக் கொத்தமல்லியைவிட மணம் நின்று வீசும். ராவ் ராம் தண்டை ஒரு குவளைத் தண்ணீரில் நிறுத்தினால் சில நாளில் வேர்விடும், தொட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். எலுமிச்சைப்புல்லும் கங்குனும் அப்படியே.

நடைபாதை ஓரத்தில் சில பாட்டிமார் வீட்டுத் தோட்டத்துக் கீரையைப் பரப்பி வைத்திருப்பார்கள். பேரம் பேசாதீர்கள். இரண்டு மூன்று டாலர் பொருளுக்குப் பேரம் இங்கே வழக்கமும் இல்லை.

பழங்களுக்குக் காலம் பார்க்க வேண்டும். மாம்பழம், லிச்சி, ரம்புட்டான், மங்குஸ்தான் எல்லாம் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரையிலான கோடையில் பெருகும். வடக்கே குயின்ஸ்லாந்திலும் வட பிரதேசத்திலும் விளைபவை. வியட்நாம் லிச்சிக்கு ஆஸ்திரேலியா 2015இலும் டிராகன் பழத்துக்கு 2017இலும் அனுமதி கொடுத்ததால், உள்ளூர் விளைச்சல் இல்லாத மாதங்களிலும் அவற்றைப் பார்க்கலாம். டுரியான் பெரும்பாலும் தாய்லாந்திலிருந்து உறைநிலையில் வருவது. ரயிலில் திறக்காதீர்கள்.

மீன்கடையில் கொடுவாவும் மடவையும் முழு மீனாகக் கிடைக்கும். கண் தெளிவாக, செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்து விரலால் காட்டுங்கள். செதில் நீக்கிக் குடல் எடுத்துக் குழம்புக்குத் துண்டு போட்டுத் தரச் சொல்லலாம். தலையைத் தனியாக வைக்கச் சொன்னால் உங்களை உடனே மதிப்பார்கள், அவர்களும் தலையை எறியாதவர்கள்.

மளிகையில் உறைய வைத்த தேங்காய்த் துருவல், வாழையிலை, பனைவெல்லம், புளிக்கட்டி, குருணை அரிசி ஆகியவை நம் சமையலறைக்கு நேரே பொருந்தும். மீன்சாறு வாங்குபவர்கள் புட்டியில் 30, 40 என்ற எண்ணைப் பாருங்கள். அது லிட்டருக்கு எத்தனை கிராம் நைட்ரஜன் என்பதைக் குறிக்கும். எண் கூடினால் சாறு அடர்த்தி. சேர்மானப் பட்டியல் நெத்திலி, உப்பு என்று இரண்டோடு முடிந்தால் நல்ல சாறு.

அடுத்த முறைக்கு

சந்திரப் புத்தாண்டுக்கு முந்தைய இரண்டு வாரங்களில், ஜனவரி இறுதியோ பிப்ரவரியோ, தெரு அதன் முழு அழகில் இருக்கும்: மஞ்சள் பூக்கள், ஒட்டரிசியை வாழையிலையில் பொதிந்து அவித்த பான் தேத், சிங்க நடனம். பான் தேத் வாங்கும்போது பன்றி இறைச்சி வைத்ததா, வாழைப்பழமோ பருப்போ வைத்ததா என்று கேட்டு வாங்குங்கள். புத்தாண்டு பிறந்த பின் சில நாட்கள் பல கடைகள் அடைத்திருக்கும். அப்போது போய் நிற்காதீர்கள்.

இரவு உணவுக்குப் போக விரும்பினால் பக்கத்திலிருக்கும் கான்லி ஹைட்ஸ் மேல். கப்ரமட்டா அடங்கும் நேரத்தில் கான்லி வேல் சாலையில் இளைஞர் கூட்டம் நிரம்பும். லாவோ உணவு, அதாவது ஒட்டரிசியும் கொத்திறைச்சி லாப்பும் புளித்த மீன்சாறு சேர்த்த பப்பாளிச் சாலடும், வேண்டுமென்றால் டி5 ரயிலில் வீடு திரும்பும் வழியில் ஃபேர்ஃபீல்டில் இறங்குங்கள். கப்ரமட்டாவிலிருந்து இரண்டாவது நிலையம்.